மிசிசிப்பிப் பயணிகளின் சட்டைப்பை வரைபடங்கள்: தீவுகளுக்கு எண்கள் ஏன்?

கேள்வி:
வணக்கம். 1866இல் செயின்ட் லூயிஸ் நகரில் வெளியான ‘ரிப்பன்’ வரைபடம், மிசிசிப்பி ஆறு முழுவதையும் சுமார் 3 அங்குல அகலமும் 11 அடி நீளமும் உள்ள ஒரே பட்டையில் காட்டுகிறது; சுருளாகச் சுற்றினால் சட்டைப்பையில் அடங்கிவிடும். அதற்கு முந்தைய ஆற்றுக் கையேடுகளைப் புரட்டியபோது, தீவுகள் பெரும்பாலும் எண்களாலேயே குறிக்கப்பட்டிருந்தன. இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது?

மறுமொழி 1:
பிட்ஸ்பர்க் பதிப்பாளர் ஜேடக் கிரேமரின் ‘நேவிகேட்டர்’ கையேடே இதைப் பரப்பியது. 1801 முதல் 1824 வரை பல பதிப்புகள் கண்ட அந்நூல், ஓஹையோ ஆறு மிசிசிப்பியில் கலக்கும் இடத்திலிருந்து கீழ்நோக்கித் தீவுகளை எண்ணிக்கொண்டே செல்கிறது. தட்டைப் படகில் குடும்பத்தையும் கால்நடைகளையும் ஏற்றிக்கொண்டு நீரோட்டத்தின் போக்கிலேயே மிதந்து சென்றவருக்கு, அடுத்த தீவை வலப்புறமாகக் கடப்பதா இடப்புறமாகக் கடப்பதா, வேரோடு சாய்ந்து நீருக்குள் புதைந்த மரங்கள் எங்கே கிடக்கின்றன என்பவையே உயிர்க்கேள்விகள். பெயர் தெரியாத கரையில் எண்ணிக்கை ஒன்றே துணை. அந்நூலில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட ஆற்றுப் படங்கள் கரடுமுரடானவைதாம். ஆனால் பக்கத்திலுள்ள குறிப்புகளோடு சேர்த்துப் படித்தால் அவற்றின் அருமை விளங்கும்.

மறுமொழி 2:
முந்தைய மறுமொழியோடு உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். ஆறு தீவுகளைக் கரைத்தாலும் கரையோடு ஒட்டவைத்தாலும் பழைய எண்கள் வழக்கிலிருந்து மறையவில்லை. மிசோரி மாநிலத்து நியூ மாட்ரிட் ஊரருகே 1862 ஏப்ரலில் ஒன்றியப் படை (வடமாநிலங்களின் படை) கைப்பற்றிய 10ஆம் எண் தீவு அமெரிக்க உள்நாட்டுப் போர் வரலாற்றில் அந்த எண்ணாலேயே அறியப்படுகிறது. அத்தீவையோ பின்னாளில் ஆறே அரித்துவிட்டது. ஆகவே பழம்பிரதி ஒன்றை ஆராய்பவர், அட்டையிலுள்ள ஆண்டை ஆற்றின் அன்றைய நிலைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்பது என் உறுதியான கருத்து. முந்தைய பதிப்பின் படங்கள் மறுபதிப்பிலும் தொடர்ந்திருக்கக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ரிப்பன் வரைபடத்தில் திசைகள் சரியாக இருக்குமா?

மறுமொழி 1:
அவ்வளவு குறுகிய பட்டையில் கிழக்கு மேற்கு வளைவுகளை உள்ளபடி காட்ட இடமில்லை. நீராவிப் படகில் அமர்ந்திருந்த பயணிக்கு ஊர்கள் வரும் வரிசையே முதன்மையாகத் தேவைப்பட்டது. அத்தேவையை அந்தப் பட்டை நிறைவாகத் தீர்த்தது. மூலப்பிரதி துணியில் ஒட்டப்பட்டது என்பதால், பழைய சுருளை இழுத்து விரிக்காமல் சிறிது சிறிதாகத் தளர்த்திப் பாருங்கள்.