‘பெரிய வீடு’ குழு: சனிக்கிழமை ஊர்வலத் தட்டி

கதிர்: சனிக்கிழமை காசா ஊர்வலத்துக்குத் தட்டி தயார். எல்லோரும் பகிருங்கள்.

கதிர்: (படம்)

ஜெயந்தி அத்தை: வாசகம் நன்றாக இருக்கிறது கதிர். அந்தப் படம் மட்டும் வேண்டாம் கண்ணா. வளைந்த மூக்கு, கையில் பணமூட்டை, காலடியில் உலக உருண்டை. யூதர்களை இழிவுபடுத்த நாஜிகள் வரைந்து பரப்பிய படங்கள் இப்படித்தான் இருக்கும்.

கதிர்: அங்கே குழந்தைகள் சாகிறார்கள் அத்தை. நீங்கள் மூக்கைப் பார்க்கிறீர்கள்.

ஜெயந்தி அத்தை: அந்தக் குழந்தைகளுக்காகத்தான் சொல்கிறேன். 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாடு. சாதிக் கொடுமையை உலகத்தின் முன் வைக்க நம் தலித் அமைப்புகள் போயிருந்தன. பாலஸ்தீனர்களுக்கும் சொல்ல எவ்வளவோ இருந்தது. அந்த இடத்தில் சிலர் யூதர்களைக் கேவலப்படுத்தும் கேலிச்சித்திரங்களைக் கொடுத்தார்கள். யூதர்கள் உலகை ஆளச் சதி செய்வதாகச் சொல்லும் அந்தப் பழைய புரட்டு நூலும் கைமாறியது. அது புரட்டு என்று 1921லேயே லண்டன் டைம்ஸ் அம்பலப்படுத்திவிட்டது! கடைசியில் தன்னார்வ அமைப்புகளின் அறிக்கையை அரசுகளுக்குப் பரிந்துரைக்க மாட்டேன் என்று மாநாட்டை நடத்திய ஐ.நா. மனித உரிமை ஆணையர் மேரி ராபின்சன் மறுத்துவிட்டார். அதில் சாதி பற்றி எழுதியிருந்ததும் சேர்ந்து அடிபட்டது. அரசுகளின் அறிக்கையில் சாதி வராமல் நம் அரசே தடுத்தது, அது தனிக் கதை.

பெரியப்பா: சியோனிசம், அதாவது யூதர்களுக்குத் தனிநாடு வேண்டும் என்ற கொள்கை, இனவாதம் என்று 1975இல் ஐ.நா.வே தீர்மானம் போட்டதே. இந்தியாவும் ஆதரித்ததே.

ஜெயந்தி அத்தை: 1991இல் அதை ரத்து செய்தபோதும் இந்தியா ஆதரித்தது அண்ணா. சியோனிசம் ஓர் அரசியல். நானும் அதை எதிர்ப்பவள்தான். இஸ்ரேல் உருவான 1948இல் ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்ததை என்னால் மறக்க முடியாது. யூதராகப் பிறப்பது அரசியல் இல்லையே.

மீனா: இஸ்ரேலைக் குறை சொன்னாலே யூத வெறுப்பு என்கிறார்களே அத்தை?

ஜெயந்தி அத்தை: அது அநியாயம் மீனா. அப்படிச் சொல்பவர்களுக்கு இந்த ஒரு படம் போதும்.

கதிர்: தென்னாப்பிரிக்க நிறவெறி அரசுக்கு இஸ்ரேல் ஆயுதம் விற்றதே? 1976இல் பிரதமர் வோர்ஸ்டரை அழைத்து உபசரித்தார்களே?

ஜெயந்தி அத்தை: உண்மை. அதே நாட்டில் டெனிஸ் கோல்ட்பர்க் என்று ஒருவர். யூதர். 1964இல் மண்டேலாவோடு ஆயுள் தண்டனை பெற்றவர். வெள்ளையர் என்பதால் மண்டேலாவை அடைத்த ராபன் தீவுச் சிறைக்கு அனுப்பாமல், அவர்களிடமிருந்து பிரித்துப் பிரிட்டோரியா சிறையில் வைத்தார்கள். 22 வருடம். 1985இல் வெளியே வந்து, மகள் இருந்த இஸ்ரேலுக்குப் போனார். நிறவெறி அரசோடு இஸ்ரேல் வைத்திருந்த உறவை அவரே கண்டித்தார். உன் தட்டியில் இருக்கும் அந்த முகம் அவருடையதும்தான்.

கதிர்: படம் வரைந்தது என் நண்பன். இன்றிரவு அவனிடம் பேசுகிறேன்.

ஜெயந்தி அத்தை: சரி. ஊர்வலம் எத்தனை மணிக்கு? நானும் வருகிறேன்.