விசையைத் தொடாமலே வெடித்த ரைஃபிள்: உங்களுக்கு நடந்திருக்கிறதா?

ஒன்டாரியோவாசி:
என்னிடம் இருப்பது எஸ்கேஎஸ் என்ற ரஷ்ய வடிவமைப்பு அரைத்தானியங்கி ரைஃபிள், சீனத் தயாரிப்பு, இராணுவக் கிடங்குப் பழசு. "சுத்தம் செய்தாச்சு, அப்படியே சுடலாம்" என்று சொல்லித்தான் விற்றார்கள். ரேஞ்சில் ஐந்து தோட்டா போட்டு போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிக் குழலை மூடும் உலோகத் துண்டு) விட்டேன், படார்! விரல் விசைக்காப்புக்கு வெளியே இருந்தது, கட்டையைத் தோளில்கூட வைக்கவில்லை. மூன்று குண்டு அடுத்தடுத்துப் போய்விட்டன. நல்லவேளை, குழல் மண்மேட்டைப் பார்த்திருந்தது. என் விரல்களுக்குப் பக்கத்திலேயே போல்ட் கைப்பிடி தானாக முன்னும் பின்னும் ஓடியதே, அது இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. பிறகு பிரித்துப் பார்த்தால், போல்ட்டுக்குள் காஸ்மோலின் (துருப்பிடிக்காமலிருக்கப் பூசும் கிரீஸ்) பிசினாக இறுகி, தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னின் முனை நீட்டியபடியே ஒட்டிக்கிடந்தது.

டெக்சாஸ் கைத்தோட்டா:
பிசின் மேலேயே பழி போடாதீர்கள். என்ன தோட்டா போட்டீர்கள் என்று சொல்லவே இல்லையே? என் பக்கத்து பெஞ்சில் ஒருவர் எம்1 காரண்ட் என்ற பழைய அமெரிக்க இராணுவ ரைஃபிளில் ஒற்றைத் தோட்டாவை நேரே சேம்பரில் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) வைத்து போல்ட்டை விட்டார். கிளிப்பிலிருந்து தோட்டாவை உருவும் தடை இல்லாததால் போல்ட் முழு வேகத்தில் மோதியது. மூடின நொடியே வெடித்தது. வீட்டில் அடைத்த தோட்டா, மென்மையான ப்ரைமர் (தோட்டாவின் அடியில் பின் குத்தியதும் பற்றும் சிறு மூடி). அடுத்ததை ஏற்றி, சுடாமல் வெளியே எடுத்துக் காட்டினார்: ப்ரைமரில் நல்ல ஆழமான குழி. நான் அன்றிலிருந்து காரண்டுக்கு சிசிஐ 34 என்ற கெட்டியான ப்ரைமர் தவிர வேறு வைப்பதில்லை.

பழைய ஜவான்:
எங்கள் இராணுவ ரைஃபிளான எஸ்எல்ஆரில் இப்படி ஒன்று நான் கண்டதே இல்லை. கண்டது வேறு. காவல் முடிந்து வந்த பையன் மேகசினை (தோட்டாப் பெட்டி) கழற்றாமல் காக் செய்து, அதில் ஒரு தோட்டா உள்ளே ஏறியது தெரியாமல், காலி என்று நினைத்து விசையை அழுத்தினான். மணல் மூட்டை கிழிந்தது. தானாக வெடித்தது என்பவர்களில் பாதிப் பேர் விரலை மறந்தவர்கள்.

எண்ணெய்த் துணி:
ஜவான் ஐயா, எஸ்எல்ஆரின் ஃபயரிங் பின்னைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் உண்டு. எஸ்கேஎஸ்ஸில் ஆரம்பத்தில் வந்த சில ரஷ்யத் துப்பாக்கிகளைத் தவிர மற்றவற்றில் அது கிடையாது, பின் சும்மா ஆடும். அங்கே விரலைக் குற்றம் சொல்ல முடியாது. ஏஆர்-15 என்ற அமெரிக்க ரைஃபிளிலும் பின் அப்படித்தான். அதன் இராணுவ வடிவமான எம்16இல் இதே சிக்கல் வந்துதான் 1963 வாக்கில் பின்னின் எடையைக் குறைத்தார்கள்.

எஸ்கேஎஸ் வைத்திருப்பவர்கள் கேளுங்கள். போல்ட்டைக் கழற்றி, பின்னை வெளியே எடுத்து, துளையை மினரல் ஸ்பிரிட்டில் (கிரீஸைக் கரைக்கும் திரவம்) ஊறவைத்துத் துடையுங்கள். உள்ளே கிரீஸ் வேண்டவே வேண்டாம். பின்னைத் தலைகீழாகப் போட்டுவிடாதீர்கள், மாட்டிக்கொள்ளும். மாட்டியபின் போல்ட்டைக் காதருகே ஆட்டினால் கடகடவென்று கேட்க வேண்டும். குளிர்காலத்தில் ஒவ்வொரு முறையும் ஆட்டிப் பாருங்கள். முதலில் ஒரு தோட்டா, அப்புறம் இரண்டு, அதற்குப் பிறகுதான் மீதி. சேஃப்டியை நம்பாதீர்கள், அது விசையை மட்டும்தான் தடுக்கும், பின்னைத் தடுக்காது. தோட்டாவை மேகசின் வழியாகவே ஏற்றுங்கள்.

ஒன்டாரியோவாசி:
டெக்சாஸ்காரருக்கு: நான் போட்டது பழைய இராணுவத் தோட்டா, கெட்டியான ப்ரைமர். அதே பெட்டியில் மீதி இருந்ததைத்தான், பின்னைச் சுத்தம் செய்தபிறகு சுட்டுத் தீர்த்தேன். ஒன்றுகூடத் தானாக வெடிக்கவில்லை. என் துப்பாக்கியில் காரணம் பிசின்தான்.