‘உள்ளுறிஞ்சல்’ வேண்டாம், ‘புரையேற்றம்’ இருக்கிறது

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். விழுங்கற் கோளாறுகளுக்கான நம் சொற்பட்டியலில், உணவோ நீரோ மூச்சுக்குழலுக்குள் போய்விடுவதைக் குறிக்கும் ‘ஆஸ்பிரேஷன்’ என்பதற்கு ‘உள்ளுறிஞ்சல்’ என்று இட்டிருப்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பக்கவாதம் வந்த என் அத்தையை மதுரை மருத்துவமனை ஒன்றிலிருந்து உசிலம்பட்டிக்கு அழைத்துப் போனபோது, கையில் கொடுத்த தாளில் ‘உள்ளுறிஞ்சல் அபாயம்’ என்றுதான் இருந்தது. உறிஞ்சத்தான் கூடாது போலும் என்று எண்ணி, வீட்டில் ஸ்ட்ராவைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தண்ணீரை டம்ளரிலேயே கொடுத்தார்கள். அத்தை ஒருமுறைகூட இருமவில்லை. ஒரு வாரத்தில் நிமோனியாவோடு மறுபடி மதுரைக்கு ஓடினோம்.

நடப்பது உறிஞ்சலே அன்று. விழுங்கும்போது குரல்வளை மேலெழுந்து முன்னே நகர்கிறது, குரல்வளையின் மேலுள்ள மூடி கவிழ்கிறது, குரல்நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன, மூச்சு நின்று மீள்கிறது. தொண்டையில் இவ்வளவும் ஏறத்தாழ 1 நொடியில் முடியும். இந்த ஒழுங்கு பிசகினால் உணவு மூச்சுக்குழலில் இறங்கிவிடும். கெட்டிக் கூழைவிடத் தண்ணீர் விரைந்து ஓடுவதால், தாமதித்து மூடும் குரல்வளையை அது முந்திக்கொள்கிறது.

இதற்குத்தான் ‘புரையேறுதல்’ என்ற சொல் இருக்கிறதே! புரையேறியவரின் உச்சந்தலையைத் தட்டி, ‘யாரோ நினைக்கிறார்கள்’ என்று சொல்லாத வீடு எது?

அது பேச்சுவழக்கு, துல்லியம் போதாது என்று சென்ற மடலில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். துல்லியத்தை நாம் வரையறுத்துக் கொடுக்கலாம். உள்ளே போன உணவோ நீரோ குரல்நாண்களுக்கு மேலேயே நின்றுவிட்டால் ‘குரல்வளை நுழைவு’. நாண்களைத் தாண்டிக் கீழே போனால் ‘புரையேற்றம்’.

அவர் எழுப்பிய இன்னொரு தடை நியாயமானது: புரையேறினால் இருமல் வரும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உணர்ச்சி மரத்த தொண்டையில் அந்த இருமல் எழுவதில்லை. அதற்கு ‘இருமாப் புரையேற்றம்’ என்று வைக்கலாம். ‘மௌனப் புரையேற்றம்’ என்றால் பேச்சு நின்றதுபோல் தோன்றுகிறது. ‘இருமா’ என்றாலோ, பார்த்துக்கொள்பவர் எதை நம்பி இருக்கக் கூடாது என்பது உடனே விளங்கும்.

வாய்க்குப் பின்னாலுள்ள தொண்டைப் பகுதியான ‘ஃபாரிங்ஸ்’ என்பதற்கு ‘மிடறு’ எனக்கு உடன்பாடே. சிவனைக் கறைமிடற்றன் என்று கும்பிடும் ஊரில் அதற்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் ‘ஒரு மிடறு தண்ணீர்’ என்று அளவுக்கும் அதையே சொல்கிறோம். நோயாளிக்குத் தரும் தாளில் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் குழம்புமா? விழுங்கல் பயிற்சி அளிப்பவர்கள் இங்கே இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

அன்புடன்