லியோ பர்ட்டை இன்னும் தேடத்தான் வேண்டுமா?

குறிஞ்சிமேடு:
நேற்று வேறொரு இழையில் ஒரு நண்பர் லியோ பர்ட்டைப் "பிடிபடாத போராளி" என்று எழுதியிருந்தார். அந்தச் சொல் இரவு முழுக்க உறுத்தியது. அதனால் தனியாகத் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்கு: 1970 ஆகஸ்ட் 24, விடியற்காலை 3.42 மணி. அமெரிக்காவின் மேடிசன் நகரில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்லிங் ஹால் கட்டடத்தை ஒட்டி நிறுத்தியிருந்த வேன் வெடித்தது. திருடிய வேன். உள்ளே அமோனியம் நைட்ரேட் உரத்தையும் எரிபொருள் எண்ணெயையும் கலந்து செய்த வெடிமருந்து, ஏறக்குறைய ஒரு டன். வைத்தவர்கள் நான்கு பேர்: கார்ல் ஆம்ஸ்ட்ராங், அவருடைய தம்பி டுவைட், டேவிட் ஃபைன், லியோ பர்ட். வியட்நாம் போரை எதிர்த்து அதைச் செய்தார்கள். மூன்று பேர் அகப்பட்டுத் தண்டனை முடித்து வெளியே வந்துவிட்டார்கள். பர்ட் மட்டும் அகப்படவே இல்லை. தகவல் தருபவருக்கு 1,50,000 டாலர் என்று எஃப்பிஐ அறிவித்திருக்கிறது.

அந்த வெடிப்பில் இறந்தவர் ராபர்ட் ஃபாஸ்நாக்ட். வயது 33, இயற்பியல் ஆய்வாளர். மனைவி, மூன்று சின்னக் குழந்தைகள். அன்றிரவு ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ராணுவத்துக்கும் அவர் செய்த ஆய்வுக்கும் தொடர்பே கிடையாது. பர்ட்டின் பெயரைச் சொன்னவுடன் தெரிகிறது என்பவர்களில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்? பர்ட்டைத் தேடுவதை நிறுத்தக் கூடாது என்பது என் கட்சி.

செங்காந்தள்:
அந்தச் சொல்லை எழுதியவன் நான்தான், தோழர். அதிலிருந்து பின்வாங்க மாட்டேன். ஆனால் நீங்கள் ஆகஸ்ட் மாதத்திலிருந்து கதையைத் தொடங்குகிறீர்கள். ஏப்ரலிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

1970 ஏப்ரல் 30 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் கம்போடியாவுக்குள் படை அனுப்புவதாக அறிவித்தார். மே 4 அன்று கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படை சுட்டு நான்கு மாணவர்கள் செத்தார்கள். பதினொரு நாள் கழித்து ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியில் போலீஸ் சுட்டு இரண்டு பேர். அதற்கும் முன்னால், 1967 அக்டோபரில், இதே மேடிசனில் நேபாம் என்ற தீக்குண்டு மருந்தைத் தயாரித்த டௌ கம்பெனிக்கு எதிராக உட்கார்ந்த பிள்ளைகளைப் போலீஸ் மண்டையில் அடித்து வெளியே இழுத்தது. ஊர்வலம் போனார்கள், மனு கொடுத்தார்கள், வகுப்பைப் புறக்கணித்தார்கள். போர் நிற்கவில்லை.

ஸ்டெர்லிங் ஹாலைச் சும்மா தேர்ந்தெடுக்கவும் இல்லை. ராணுவக் கணித ஆய்வு மையம் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தது. அமெரிக்க ராணுவத்தின் பணத்தில் நடந்த மையம்.

இன்னொன்று. வியட்நாமில் அமெரிக்கப் படையினர் கிராமத்து மக்களைக் கொன்ற மை லாய் படுகொலையில் குறைந்தது 22 பேரைக் கொன்றதாக லெப்டினன்ட் காலி மீது 1971இல் குற்றம் நிரூபணமானது. ஆயுள் தண்டனை என்றார்கள். உண்மையில் என்ன ஆயிற்று? பெரும்பாலும் வீட்டுக்காவல், 1974இல் வெளியே வந்துவிட்டார். 22 பேருக்கு இதுதான் கணக்கென்றால், கொல்ல நினைக்காத ஒருவரை அரை நூற்றாண்டு துரத்துவது எந்த ஊர் நியாயம்?

ஆழிமுத்து:
நான் மேடிசனில் சில ஆண்டுகள் படித்தவள். அந்தக் கட்டடத்தைத் தினமும் தாண்டிப் போவேன். ஃபாஸ்நாக்ட் பெயரில் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. அதை வைத்ததே 2007இல்தான், சம்பவம் நடந்து 37 ஆண்டு கழித்து. முதல் தடவை அதைப் படித்தபோது அங்கேயே நின்றுவிட்டேன்.

செங்காந்தள் சொல்லும் ராணுவக் கணித மையம் மேல்மாடிகளில் இருந்தது. இயற்பியல் துறை கீழே, அடித்தளத்திலும். வேன் நின்றது தரையில். அப்படியென்றால் அடி யாருக்கு விழும்? அழிந்தது பெரும்பாலும் இயற்பியல் துறை. பலருடைய பல வருட ஆய்வு ஒரே இரவில் போயிற்று. குறிவைத்த மையம் அதற்குப் பிறகும் நடந்தது. போர் எதிர்ப்பு என்ற கணக்கில் பார்த்தாலும் இதில் என்ன கிடைத்தது என்று எனக்குப் புரியவில்லை.

"கொல்ல நினைக்கவில்லை" என்பதைப் பற்றி. போலீசுக்கு ஒரு தொலைபேசி எச்சரிக்கை வந்தது உண்மை. வெடிப்பதற்கு ஓரிரு நிமிடம் முன்னால். அதற்குள் யார் போய் யாரை வெளியேற்றுவது? ஆராய்ச்சிக் கட்டடத்தில் விடிய விடிய ஆள் இருப்பார்கள் என்பது பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் படித்தவருக்கே தெரியும். இவர்கள் அந்த ஊரையே நன்றாக அறிந்தவர்கள். பர்ட்டும் ஃபைனும் மாணவர் நாளிதழில் எழுதிக்கொண்டிருந்தவர்கள். ஃபாஸ்நாக்ட் தவிர மூன்று பேருக்குக் காயம். நாலு பேரும் செத்திருக்கலாம்.

செங்காந்தள்:
அந்த அழைப்பு போதவில்லை. ஒத்துக்கொள்கிறேன் அக்கா. அதில் வாதாட எனக்கு மனமில்லை.

ஆனால் கார்லுக்கு 23 ஆண்டு விதித்தார்கள், ஏழு ஆண்டில் விட்டார்கள். மற்ற இருவருக்கும் ஏழு ஆண்டு, மூன்றில் விட்டார்கள். கார்ல் அதே மேடிசனுக்குத் திரும்பி, பல்கலைக்கழகத்தின் பக்கத்திலேயே பழச்சாறு வண்டி போட்டுப் பிழைத்தார். ஊர் அதைச் சகித்துக்கொண்டது. அவருடைய தண்டனை விசாரணையில் வரலாற்றாசிரியர் ஹோவர்ட் ஜின்னும், போர் பற்றிய ரகசிய ஆவணங்களை வெளியிட்ட டேனியல் எல்ஸ்பெர்க்கும் வந்து, இந்தப் பையன்களை அங்கே தள்ளியது எந்தப் போர் என்று சாட்சி சொன்னார்கள். நீதிமன்றமே அந்தப் பின்னணியைக் கேட்டது. நாம் கேட்கக்கூடாதா?

துலாக்கோல்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் சட்டம் படித்தவன்.

செங்காந்தள் சொன்னதே பர்ட்டுக்கு எதிரான வாதம். உடன் செய்தவர்கள் அனைவரும் ஏழு ஆண்டுக்குள் வெளியே வந்தார்கள். சரணடைந்திருந்தால் அவரும் 80களிலேயே சுதந்திர மனிதர். ஒளிந்திருப்பதை அரசு அவர் மேல் சுமத்தவில்லை, அவராகவே தேர்ந்தெடுத்தார்.

கேத்ரின் ஆன் பவர் நினைவிருக்கிறதா? அவரும் போர் எதிர்ப்பு மாணவிதான். 1970இல் பாஸ்டனில் அவரும் பங்கெடுத்த வங்கிக் கொள்ளையில் வால்டர் ஷ்ரோடர் என்ற போலீஸ்காரர் கொல்லப்பட்டார். பவர் 23 ஆண்டு வேறு பெயரில் வாழ்ந்துவிட்டு 1993இல் தானாக வந்து நின்றார். ஆறு ஆண்டு சிறையில் இருந்து 1999இல் வெளியே வந்தார். ஷ்ரோடரின் பிள்ளைகள் நீதிமன்றத்தில் எழுந்து தங்கள் அப்பாவைப் பற்றிப் பேச ஓர் இடம் கிடைத்தது. ஃபாஸ்நாக்ட் வீட்டாருக்கு பர்ட்டிடம் அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

மன்னிப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1977 ஜனவரியில் அதிபர் கார்ட்டர் பொதுமன்னிப்பு கொடுத்தது ராணுவத்தில் சேர மறுத்தவர்களுக்கு. உயிர் போன வழக்கு அதில் வராது. ஃபைன் பின்னால் சட்டம் படித்துத் தேர்விலும் தேறினார். ஆனாலும் 1987இல் ஓரிகன் உச்ச நீதிமன்றம் அவரை வழக்கறிஞராகச் சேர்க்க மறுத்தது.

செங்காந்தள்:
சரி, அந்த வாதத்துக்கு என்னிடம் நேர் பதில் இல்லை. பவர் செய்ததை பர்ட் செய்திருக்கலாம்.

ஆனாலும் இதை யோசித்துப் பாருங்கள். கனடாவின் பீட்டர்பரோவில் போலீஸ் நெருங்கியபோது தப்பி ஓடியவருக்கு வயது 22. பென்சில்வேனியாவிலிருந்து கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளையாக, துடுப்புப் படகு ஓட்ட ஆசைப்பட்டு மேடிசனுக்கு வந்தவர். அன்றிலிருந்து அம்மா அப்பா முகத்தைக்கூடப் பார்த்திருப்பாரா? இன்று உயிரோடு இருந்தால் எண்பதை நெருங்கியிருப்பார். அதுவும் ஒரு தண்டனைதான் என்று எனக்குப் படுகிறது.

குறிஞ்சிமேடு:
தண்டனையாக இருக்கலாம் தோழர், பதிலாகாது. கார்ல் நீதிமன்றத்தில் நின்றார், அந்தச் சாவுக்கு வருந்துவதாகச் சொன்னார். ஃபாஸ்நாக்ட் பிள்ளைகள் அதை ஏற்கிறார்களா இல்லையா என்பது அவர்கள் பாடு. ஆனால் சொல்ல ஒருவர் இருந்தார், கேட்க ஒருவர் இருந்தார். பர்ட் ஒரு வரி எழுதி அனுப்பியதாகக்கூட நான் எங்கும் படித்ததில்லை.

காலி விஷயத்தில் உங்கள் கோபம் எனக்கும் உண்டு. அவரை விட்டது அநியாயம். ஆனால் அந்த 22 பேருக்கு நியாயம் கிடைக்கவில்லை என்பதற்காக ஃபாஸ்நாக்டுக்கும் கிடைக்க வேண்டாம் என்று சொல்ல முடியுமா? இரண்டு வீட்டிலும் அழுதது ஒரே அழுகைதானே.

போர் எதிர்ப்பில் எனக்கும் உங்களுக்கும் ஒரு நூல் வித்தியாசம் இல்லை. அதனால்தான் இவ்வளவு பிடிவாதம். ஃபாஸ்நாக்ட் இறந்தபோது பையனுக்கு மூன்று வயது, இரட்டைப் பெண்களுக்கு ஒரு வயது. அப்பாவை நினைவு வைத்துக்கொள்ளும் வயதுகூட இல்லை.

செங்காந்தள்:
பழைய இழையில் அந்தச் சொல்லை அழிக்கவில்லை. அதற்குக் கீழே ஃபாஸ்நாக்ட் பெயரையும் வயதையும் சேர்த்திருக்கிறேன். தேடல் விஷயத்தில் நாம் ஒத்துப்போகவில்லை, அது அப்படியே இருக்கட்டும்.

ஆழிமுத்து:
அந்தப் பலகையின் படம் பழைய கைப்பேசியில் இருக்க வேண்டும். தேடி எடுத்து இங்கே போடுகிறேன்.