கீழணையின் எதிர்காலமும் கரையோர நிலங்களும்

கேள்வி:
அணைக்கரையில் ஆர்தர் காட்டன் காலத்துக் கீழணைக்கு மேல்புறம், கொள்ளிடக் கரையோரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சை உள்ளது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் சரிந்து போனது முதல் இந்த அணையைக் குறித்தும் கவலையாக இருக்கிறது. இதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால், அதுவரை எங்கள் கிணறுகளில் ஊற்று வற்றிப் போய்விடுமா?

மறுமொழி:
ஐயா, முக்கொம்பில் பழைய அணைக்குச் சற்றுக் கீழே புதிய கதவணை எழுப்பினார்கள். இங்கும் அவ்வாறே செய்தால் நீர்த்தேக்கம் ஒரு பருவமும் தடைபடாது. கீழணையிலிருந்து பிரியும் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கும் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். நிலம் எடுப்பதானால், அளவுக்கற்களை இப்போதே சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு மறுமொழி:
மணல் அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்தால், மதகிலிருந்து விழும் நீர் அணைத் தளத்தின் அடிமண்ணை அரித்துக் குடைந்துவிடும் என்பதே என் பெரிய அச்சம். கோடையில் நீர் வடிந்ததும் தளத்தின் கீழ்விளிம்பில் கை நுழையும் இடைவெளி தெரிந்தால், உடனே எழுத்து மூலம் மனுக் கொடுங்கள்.