பிரசங்கத்துல நாவல் கதை சொல்லலாமா?

பாளை வாலிபர்: எங்க சபையில லெந்து கால (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) வாலிபர் ஆராதனைல என்னைய பேச சொல்லிருக்காங்க, விக்டர் ஹியூகோவோட ஏழை படும் பாடு நாவல் கதைய வச்சு மன்னிப்பு பத்தி பேசலாம்னு இருக்கேன். வெள்ளி சாமான திருடிட்டு ஓடினவன போலீஸ் இழுத்துட்டு வரும்போது பிஷப்பு நான்தான் குடுத்தேன்னு சொல்லி மெழுகுவத்தி தண்டையும் சேத்து குடுத்து அனுப்புவாரே, அந்த எடம். ஆனா கமிட்டில ஒரு பெரியவர் பிரசங்க பீடத்துல வேதம் மட்டும்தான் பேசணும்ங்கிறார். என்ன செய்யட்டும்?

மேரி அக்கா: தாராளமா பேசுங்க தம்பி. வேதத்துல அப்போஸ்தலன் பவுலே ஏதென்ஸ்ல அந்த ஊர் புலவர் வரியத்தான எடுத்து பேசினார், அப்போஸ்தலர் 17:28. நம்ம தமிழ் கிறிஸ்தவ கவிஞர் கிருஷ்ண பிள்ளையே இங்கிலாந்துக்காரர் ஜான் பன்யன் 1678ல எழுதின கதைய எடுத்துதான் இரட்சணிய யாத்திரிகம் பாடினார்.

கடலோரத்தான்: பெரியவர் பயமும் நியாயம்தான். கதை ரொம்ப நல்லாருந்தா ஆராதனை முடிஞ்சு டீ குடிக்கும்போது கதைய மட்டும்தான் பேசுவாங்க, வசனம் மறந்துரும். அதனால லூக்கா 19ல வர்ற வரி வசூலிக்கிற சகேயு கதைய மொதல்ல வாசிங்க. அவன் திருந்துறதுக்கு முன்னாடியே இயேசு அவன் வீட்டுக்கு வர்றேன்னுட்டார், அதுக்கப்புறம்தான் அநியாயமா வாங்கினத நாலத்தனையா திருப்பி தர்றேங்கிறான், பிஷப்பும் அப்படித்தான, கிருபை முந்திக்கிடுச்சு.

பாளை வாலிபர்: சகேயு அருமைண்ணே, அதையே வாசிக்கிறேன்.

மேரி அக்கா: நாவல்ல அந்த திருடன பின்னாடி விரட்டிட்டே வர்ற போலீஸ்காரன் ஷாவேரையும் விட்றாதீங்க தம்பி, கடைசில அந்த திருடனே தனக்கு காட்டின இரக்கத்த தாங்க முடியாம ஆத்துல விழுந்து சாவான். லூக்கா 15ல, கெட்டுப்போய் திரும்பி வந்த தம்பிய அப்பா ஏத்துக்கிட்டதுக்கு கோவிச்சு வீட்டுக்குள்ள வரமாட்டேன்னு நின்ன மூத்த மகன் மாதிரிதான். சபையில அதிகம் இருக்கிறது அந்த மாதிரி ஆளுங்கதான்.