பொருள்: 'டைஹெட்ரல்' துடுப்புக்குத் தமிழ்ச்சொல் (வெள்ளிக்குள்)

அனைவருக்கும் வணக்கம். கயாக் படகுப் பயிற்சிக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. துடுப்பலகின் இழுக்கும் முகத்தில் நடுவே நீளவாக்கில் ஒரு மேடு ஓடி, இரு பக்கமும் சரிந்திருக்குமே, அந்த வடிவத்துக்குச் சொல் வேண்டும். தட்டை அலகை அழுத்தி இழுத்தால் நீர் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் மாறிமாறிச் சுழித்துக் கழலும், துடுப்பு படபடக்கும். அதை அடக்க இறுக்கிப் பிடித்தே மணிக்கட்டு போய்விடும். மேடு இருந்தால் நீர் சமமாகப் பிரிந்து வழியும். இப்போதைக்கு 'இருமுக அலகு' என்று வைத்திருக்கிறேன்.
– த.

எந்த அலகுக்கு ஐயா இருமுகம் இல்லை? முன்னும் பின்னும் என்றே படிப்பார்கள். 'முகட்டலகு' என்க. கூரை முகட்டில் நீர் இருபுறம் வடிவது யாருக்கும் தெரியும். தவிர முகம், முகடு, முகில், முகிழ், முகை எல்லாமே ஒரே வேரில் பிறந்தவை போலத்தான் எனக்குத் தோன்றுகிறது...
– இரா.

> முகில், முகிழ், முகை
வேர் கிடக்கட்டும். என் கவலை 'அலகு'. அட்டவணையில் "அலகின் பரப்பு 650, அலகு ச.செ.மீ." என்று வந்தால் மாணவர் பாடு? மின்விசிறிக்குச் சொல்கிற 'இறக்கை' போதுமே.
– சு.

இறக்கை ஆகாது அம்மா. 1980களில் சுவீடனில் உருவாகிப் பந்தயங்களைப் பிடித்துக்கொண்ட 'விங்' (இறக்கை) துடுப்பின் அலகை 'இறக்கை இறக்கை' என்பதா? அதன் வேலையே வேறு. படகை ஒட்டி இழுக்காமல் வெளிப்புறமாக விலகவிட்டால்தான் ஏற்றவிசை பிறக்கும். அட்டவணையில் 'அளவை' என்று மாற்றினால் தீர்ந்தது.
இன்னொன்று: சமச்சீரற்ற அலகில் நீண்ட விளிம்பு மேலே இருக்கவேண்டும் என்று தடித்த எழுத்தில் போடுங்கள். அலகு சாய்வாக இறங்கும்போது தண்டின் இருபுறமும் ஒரே பரப்பு நனையத்தான் கீழ்விளிம்பைக் குறைத்திருக்கிறார்கள். தலைகீழாகப் பிடித்தால் ஒவ்வொரு வலிப்புக்கும் துடுப்பு கையில் முறுக்கும்.
– ம.

> ஒவ்வொரு வலிப்புக்கும்
கையில் சாவிக்கொத்து கொடுத்துவிடுவார்கள்! 'இழுப்பு' என்று திருத்துக.
– சு.

இழுப்பு ஆஸ்துமாக்காரருக்கு. துடுப்பு போடுவதைத் 'தண்டு வலித்தல்' என்பது பழைய வழக்கு, கூசவேண்டாம்.
– இரா.

முகட்டலகுக்கு மூவர். நேரமில்லை, அதையே போடுகிறேன். 'வலிப்பு' இருக்கும் இடங்களில் 'துடுப்பு வீச்சு'.
– த.

வீச்சு காற்றில் நடப்பது. நீருக்குள் நடப்பதற்கு அது பொருந்தாது. முகடு செங்குத்தானால் நீர் எளிதாக வழுக்கி, பிடிமானம் குறையும் என்பதையும் சேர்க்கவும். முகட்டலகுக்கு என் வாக்கை எண்ணவேண்டாம். 'நடுமேட்டு அலகு' என்றால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும்.
– சு.